சாவி யார் கையில்?

பூட்டு உடைந்தது; ஊர் பிழைத்தது.

கதையல்ல, தோழர்களே! 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமைக் காலை. புதுச்சேரியை அடுத்த நல்லவாடு என்னும் மீனவர் குப்பம். பிழைப்புத் தேடிச் சிங்கப்பூர் சென்றிருந்த அவ்வூர் இளைஞர் ஒருவர், கடல் பொங்கும் சேதியை அங்கே அறிந்து, வீட்டுக்குத் தொலைபேசியில் பேசினார். கரையை விட்டுக் கிளம்புங்கள் என்றார். ஊரில் சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் நிறுவியிருந்த தகவல் மையம் ஒன்று இருந்தது. அதில் ஒலிபெருக்கி இருந்தது. கதவில் பூட்டு இருந்தது. சாவிக்காரரைத் தேடி அலைந்தார்களா? மேலிடத்துக்கு மனுப் போட்டார்களா? இல்லை. பூட்டை உடைத்தார்கள், ஒலிபெருக்கியை முடுக்கினார்கள், ஓடுங்கள் என்று தமிழில் முழங்கினார்கள். படகுகள் போயின, வீடுகள் போயின. 3,000க்கு மேற்பட்ட மக்கள் உயிரோடு நின்றார்கள்.

அதே காலை, அதே ஆட்சிப் பரப்பின் இன்னொரு துண்டாகிய நம் காரைக்காலில் நடந்தது என்ன? சுமத்திராவுக்கு அருகே கடலடியில் நிலம் பிளந்தபோது நம் கடிகாரத்தில் மணி ஆறரை. அலை நம் கரையை அறைந்தபோது ஏறத்தாழ ஒன்பது. இடையில் இரண்டரை மணி நேரம்! காரைக்கால் மேட்டிலும் கிளிஞ்சல் மேட்டிலும் பட்டினச்சேரியிலும் அக்கம்பேட்டையிலும் வலை உலர்த்தியவனுக்கும் மீன் வாங்க வந்தவளுக்கும் எந்த அலுவலகத்திலிருந்தும் ஒரு சொல் வரவில்லை. புதுச்சேரி ஒன்றியப் பகுதி முழுவதிலும் மாண்டவர் ஏறத்தாழ 600 பேர். அவர்களில் பெரும்பகுதி காரைக்கால் மக்கள்.

பழைய துயரத்தை இன்று ஏன் கிளறுகிறாய் என்று கேட்கலாம். காரணம் இருக்கிறது. அந்தக் காரைக்கால் இன்று கல்லூரி ஊராக வளர்ந்து நிற்கிறது. திருவேட்டக்குடியில் தேசியத் தொழில்நுட்பக் கழகம். நகரில் ஜிப்மரின் கிளை. வேளாண் கல்லூரி, பொறியியல் கல்லூரி, கலைக் கல்லூரிகள். பல மாநிலத்துப் பிள்ளைகள் இந்தக் கடலோர மண்ணில் தங்கிப் படிக்கிறார்கள். பேராபத்து வந்தால் அவர்கள் எங்கே ஓடுவார்கள்? யார் சொல்லி ஓடுவார்கள்? எந்த வாசல் வழியாக ஓடுவார்கள்? இதுவே கேள்வி. (அவசரநிலை என்றதும் 1975 நினைவுக்கு வருகிறதா? அது ஆட்சி மக்கள்மேல் ஏவியது. நாம் பேசுவது நெருப்பும் நீரும் நெரிசலும் ஏவுவது.)

வளாகத்தில் மனிதர் சாவது பெரும்பாலும் ஆபத்தினால் மட்டுமன்று, அடைபட்ட வழியினாலும்தான். பேருந்தேறினால் எட்டிவிடும் கும்பகோணத்தைப் பாருங்கள். 2004 ஜூலை 16. சத்துணவுக் கூடத்தில் கிளம்பிய நெருப்பு கீற்றுக்கூரையைத் தின்று மேல்மாடிக்குத் தாவியது. குறுகிய ஒற்றைப் படிக்கட்டு. எரிந்த கூரை வாசலிலேயே சரிந்தது. 94 குழந்தைகள்! தஞ்சை நீதிமன்றம் பத்துப் பேரைக் குற்றவாளிகள் என்று தீர்ப்பளிக்க 2014 ஆக வேண்டியிருந்தது. பள்ளிக்கூடம்தானே, பல்கலைக்கழகத்தில் அப்படி நடக்குமா என்பவர் கொச்சிக்குப் போகட்டும். 2023 நவம்பர் 25 அன்று கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் மாணவர் விழா. திறந்தவெளி அரங்கம், செங்குத்தான படிகள், உள்ளே போக ஒரே வாசல். மழை தூறியது, வெளியே நின்றவர்கள் ஒதுங்க முண்டினார்கள், முன்னே போனவர்கள் படியில் விழுந்தார்கள். நான்கு உயிர்கள் போயின. குண்டு வெடிக்கவில்லை, பூகம்பம் வரவில்லை. வந்தது மழை! இருந்தது ஒரு வாசல்!

எச்சரிக்கைக் கருவி இல்லாமலா இருக்கிறது இன்று? ஐதராபாத்தில் 2007 முதல் ஆழிப்பேரலை எச்சரிக்கை மையம் இயங்குகிறது. கடலடியில் நிலம் நடுங்கிய சில நிமிடங்களில் அங்கே தெரிந்துவிடும். ஐதராபாத்துக்குத் தெரிந்தது திருவேட்டக்குடி விடுதிச் சமையற்கட்டில் அடுப்பெரிப்பவருக்கு எப்போது தெரியும் என்பதுதான் நம் கவலை. தேசியக் கழகம் டெல்லிக்குப் பதில் சொல்லும் நிறுவனம். மாவட்ட நிர்வாகமோ புதுச்சேரிக்குப் பதில் சொல்கிறது. அந்தப் புதுச்சேரியோ தமிழ்நாட்டைக் கடந்து நூறு கிலோமீட்டருக்கும் அப்பால். ஆணை இத்தனை படி இறங்கி வருவதற்குள் அலை ஏறி வந்துவிடாதா?

ஜப்பானில் இதற்கு விடை கண்டார்கள், கொடிய விலை கொடுத்து. 2011 மார்ச் 11. ஒக்காவா தொடக்கப் பள்ளி. நிலம் அதிர்ந்து ஓய்ந்தபின் குழந்தைகளைத் திடலில் நிறுத்தினார்கள். எங்கே போவது என்று பெரியவர்கள் ஏறத்தாழ ஐம்பது நிமிடம் பேசிக்கொண்டிருந்தார்கள். பள்ளிக்குப் பின்னாலேயே குன்று! 74 குழந்தைகளும் பத்து ஆசிரியர்களும் மாண்டார்கள். அதே நாள், அதே கரையில் கமாய்ஷி. அங்கே நடுநிலைப் பள்ளிப் பிள்ளைகள் ஆணைக்குக் காத்திராமல் மேட்டை நோக்கி ஓடினார்கள்; அதைக் கண்டு பக்கத்துத் தொடக்கப் பள்ளியும் ஓடியது; பெரியவன் சின்னவன் கையைப் பிடித்துக்கொண்டான். ஏறத்தாழ 600 பிள்ளைகள் பிழைத்தார்கள். படிப்பில் உயர்ந்தவர்களா அவர்கள்? பழகியிருந்தார்கள், அவ்வளவே.

நமக்குக் குன்று ஏது? காவிரி கொட்டிய தட்டை மண் இது. நமக்கு மேடு என்றால் கான்கிரீட் மாடிதான். ஆகவே கடலோரத்தில் நிலம் நெடுநேரம் ஆடினாலோ, கடல் திடீரென்று உள்வாங்கினாலோ, சங்கொலிக்குக் காத்திராமல் உள்நாட்டுப் பக்கம் போக வேண்டும். நேரமில்லையென்றால் உறுதியான கட்டடத்தின் மேல்தளத்துக்கு ஏறவேண்டும். அரசலாற்றங்கரை வழியே ஓடக்கூடாது. ஆற்று வாய்தான் அலைக்கு அரச பாட்டை. முதல் அலை வடிந்ததும் சாமான் எடுக்க இறங்கக்கூடாது. பின்வரும் அலை பெரிதாக இருக்கலாம். விடுதியில் தீ என்றால் மின்தூக்கியைத் தொடாதீர்கள், படியில் இறங்குங்கள். நெருப்புக்கு முன்னே புகை கொல்லும். தரையோடு தரையாகக் குனிந்து நகருங்கள், பின்னால் கதவைச் சாத்துங்கள். நெரிசலில் சிக்கினால் கைகளை மார்புக்கு முன் மடக்கி மூச்சுக்கு இடம் வையுங்கள். கைப்பேசி விழுந்தாலும் குனியாதீர்கள். புயலுக்கு முன்னறிவிப்பு உண்டு. 2018 நவம்பரில் கஜா நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே புகும் முன்னே நாள்கணக்கில் நமக்குத் தெரிந்திருந்தது. தீக்கு அந்தத் தாட்சண்யம் கிடையாது.

இவையெல்லாம் மாணவருக்கு மட்டுமா? இங்கேதான் நிர்வாகங்களின் கண் மறைக்கிறது. பயிற்சி ஒத்திகை என்றால் மாணவரை வரிசையில் நிறுத்திப் படம் பிடித்தால் முடிந்தது என்று நினைக்கிறார்கள். நள்ளிரவு இரண்டு மணிக்கு வளாகத்தில் விழித்திருப்பவர் யார்? துணைவேந்தரா? இயக்குநரா? வாயிற்காவல் தோழர்! விடியுமுன் அடுப்பு மூட்டும் சமையல் தோழர்! கழிப்பறை கழுவ வரும் தாய்! ஒப்பந்தக்காரன் பதிவேட்டில் மட்டும் பெயர் உள்ள இவர்களை ஒத்திகைக்கு அழைக்கிறார்களா? தீயணைப்பானின் மேல் ஒட்டிய விளக்கத்தை இவர்கள் படிக்கத் தமிழில் எழுதியிருக்கிறார்களா? மொழிப்பற்றினால் மட்டும் கேட்கவில்லை. கையில் கருவியும் கண்ணெதிரே நெருப்புமாக நிற்பவன் அகராதி தேடமாட்டான்.

இன்னொன்றும் உண்டு, இதைச் சொல்லாமல் விட மனமில்லை. மண்டபத்தூரும் காளிக்குப்பமும் திருவேட்டக்குடியின் அண்டைக் குப்பங்கள். கடல் எழுந்தால் அந்த மக்களுக்கு அருகிலுள்ள உயரமான கட்டடங்களில் கல்லூரிக் கட்டடங்களும் அடங்கும். மக்கள் வரிப்பணத்தில் எழுந்த மாடி! அந்த நாளில் வாயிற்கதவு மீனவருக்குத் திறக்குமா, அடையாள அட்டை கேட்குமா?

ஐப்பசி மழை தொடங்குமுன் நம் கிளைத் தோழர்கள் ஒவ்வொரு கல்லூரிக்கும் போய்வர வேண்டும். கோஷத்தோடு அல்ல, கேள்வியோடு. விடுதியின் இரண்டாவது வாசல் இரவில் பூட்டப்படுகிறதா? சாவி யாரிடம்? அவர் விடுப்பில் போனால் யாரிடம்? ஒலிபெருக்கி மின்சாரம் நின்றாலும் பேசுமா? ஒலிபெருக்கி நமக்குப் பழகிய பொருள். அதைச் சோதித்துப் பார்க்கத் தெரியாதவர் நம்மில் இருக்கமாட்டார். குப்பத்துப் பஞ்சாயத்தாரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். பதிலை வாய்ச்சொல்லாக வாங்காதீர்கள், எழுத்தில் கேளுங்கள். ஆபத்து என்று கண்டு கதவைத் திறந்துவிட்ட காவல் தோழரை, எச்சரிக்கை பொய்த்தே போனாலும், ஆணையின்றித் திறந்தாய் என்று மறுநாள் ஒப்பந்தக்காரர் வேலையை விட்டு நிறுத்தமாட்டார் என்று ஒரு வரி அந்தத் தாளில் இருக்கிறதா என்று பார்த்துக் கையொப்பம் வாங்குங்கள்.