லாபத்தில் இரண்டு விழுக்காடும் தங்கவயலின் கடனும்

2013ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம் கார்ப்பரேட் நிறுவனங்களுக்குச் சமூகக் கடமையைக் கற்பித்துவிட்டது என்று ஆளும் வர்க்கம் பெருமை பேசுகிறது. ரூ.500 கோடி நிகர மதிப்போ, ரூ.1,000 கோடி விற்றுமுதலோ, ரூ.5 கோடி நிகர லாபமோ உடைய நிறுவனம், முந்தைய மூன்றாண்டுச் சராசரி லாபத்தில் இரண்டு விழுக்காட்டைச் சமூகப் பொறுப்புப் பணிகளுக்குச் செலவிட வேண்டும் என்கிறது அதன் 135ஆவது பிரிவு. இயக்குநர்கள் தொழிலாளர், சமூகம், சுற்றுச்சூழல் ஆகியவற்றின் நலனையும் கருத வேண்டும் என்கிறது 166ஆவது பிரிவு. பங்குதாரரின் லாபம் ஒன்றே கம்பெனியின் கடமை என்ற பழைய வாதம் ஏட்டளவிலேனும் தளர்ந்திருப்பதை நாம் மறுக்கவில்லை. எனினும், பொறுப்பை எதனைக் கொண்டு அளப்பது? ஈட்டிய லாபத்தைக் கொண்டா, விளைவித்த கேட்டைக் கொண்டா? இக்கேள்வியைக் கோலார் தங்கவயலில் வைத்துப் பார்ப்போம்.

1880 முதல் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் நிறுவனம் அங்கே சுரங்கம் நடத்தியது. வட ஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் சித்தூரிலிருந்தும் சென்ற, பெரும்பாலும் தலித்துகளான தொழிலாளர்கள் மூன்று கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழம் வரை இறங்கினர். நூற்றிருபது ஆண்டுகளில் ஏறத்தாழ 800 டன் தங்கம் வெளிவந்தது. ஆங்கிலேயர் காலத்து லாபம் லண்டன் பங்குதாரர்களைச் சேர்ந்தது. பாறைத்தூள் தொழிலாளியின் நுரையீரலில் தங்கியது. இந்தியாவில் சிலிகோசிஸ் நோய் முதன்முதலாகப் பதிவானது 1934இல் இத்தங்கவயலில்தான். 1946இல் உரிமை கேட்டுப் போராடிய தொழிலாளர்கள் துப்பாக்கிக் குண்டுகளுக்கு இரையாயினர். 1956இல் சுரங்கங்கள் அரசுடைமையாயின. 2001 பிப்ரவரி 28 அன்று, நட்டத்தைக் காரணம் காட்டி, பாரத் தங்கச் சுரங்க நிறுவனத்தை வாஜ்பாய் அரசு இழுத்து மூடியது.

எஞ்சியவை, சயனைடு கொண்டு தங்கம் பிரித்தபின் கொட்டப்பட்ட மண்மேடுகள், ஏறத்தாழ 3.3 கோடி டன். காற்று வீசும்போதெல்லாம் அத்தூசி மாரிகுப்பம், சாம்பியன் ரீஃப் குடியிருப்புகளை மூடுகிறது. சுரங்கத் தொழிலாளரின் பிள்ளைகள் விடியுமுன் ரயிலேறிப் பெங்களூருவுக்குக் கூலி வேலை தேடிச் செல்கின்றனர்.

இன்றைய சட்டம் அன்றே இருந்திருந்தால் இம்மக்களுக்கு என்ன கிடைத்திருக்கும்? நட்டத்தில் இயங்கும் நிறுவனத்திற்கு லாபமில்லை. எனவே இரண்டு விழுக்காடும் இல்லை. இயக்குநர்கள் கடமை தவறினாலும், அச்சட்டத்தின் 245ஆவது பிரிவின்படி கூட்டாக வழக்குத் தொடரும் உரிமை உறுப்பினர்களுக்கும் வைப்புத்தொகையாளர்களுக்குமே உண்டு. தூசியைச் சுவாசிப்பவருக்கு இல்லை. 2016ஆம் ஆண்டின் திவால் சட்டம் வகுத்த கடன் வரிசையில் நஞ்சான நிலத்தைச் சீர்படுத்தும் செலவுக்கெனத் தனி இடம் இல்லை. சுரங்கத்தை மூடுமுன் சீரமைப்புத் திட்டமும் நிதி உறுதியும் அளிக்க வேண்டும் என்ற விதி 2003இல்தான் வந்தது. தங்கவயல் அதற்கு ஈராண்டு முன்பே கைவிடப்பட்டது. பொதுத்துறை என்பதால் ஒன்றிய அரசு இப்பழியிலிருந்து தப்ப இயலாது. உரிமையாளர் என்ற முறையில் அதன் பொறுப்பு இன்னும் கூடுதலே.

இப்போது அம்மண்மேடுகளுக்கே விலை வந்துவிட்டது. அவற்றில் எஞ்சியுள்ள தங்கத்தை ஏலத்தின் வழியே எடுக்கும் ஒன்றிய அரசின் திட்டத்திற்கு 2024 ஜூனில் கர்நாடக அமைச்சரவை இசைவளித்தது. நூற்றாண்டுக் காலம் குப்பையெனக் கிடந்தபோது மக்களுக்குரியதாக இருந்த மேடு, தங்கமெனத் தெரிந்ததும் மூலதனத்துக்குரியதாகிவிடுமா?

ஏல நிபந்தனைகளிலேயே நமது கோரிக்கைகள் இடம்பெற வேண்டும். தூசி பரவாமல் தடுப்பதும் நிலத்தை மீட்பதும் லாப நட்டம் பாராத கடமையாக்கப்பட வேண்டும். அதற்கான தொகை முன்கூட்டியே செலுத்தப்பட வேண்டும். முன்னாள் தொழிலாளரின் நிலுவை, குடியிருக்கும் வீட்டின் உரிமைப் பத்திரம், நுரையீரல் நோயாளிகளுக்கான சிகிச்சை ஆகியவை வருவாயின் முதற்செலவாக வேண்டும். மாவட்டக் கனிம அறக்கட்டளை நிதி தங்கவயலிலேயே செலவிடப்பட வேண்டும். வேலைவாய்ப்பில் சுரங்கத் தொழிலாளர் குடும்பங்களுக்கு முன்னுரிமை வேண்டும்.

இவை கருணை மனுக்கள் அல்ல. தீர்க்கப்படாத கடனின் பட்டியல். ஏலம் முடிந்தபின் எழும் குரலுக்கு வலிமை குறைவு. தங்கவயல் தோழர்கள் இப்போதே குடியிருப்புதோறும் மக்களைத் திரட்டட்டும். தமிழகத்துத் தோழர்கள் அவர்களுக்குத் துணை நிற்கட்டும்.