படம் பார்க்கத் தெரியாத நாவல் வாசகர்கள்

குற்றாலத்தில் நடராஜர் சித்திர சபையின் சுவரில் ஓவியமாக இருக்கிறார். சிதம்பரத்திலும் மதுரையிலும் நெல்லையிலும் திருவாலங்காட்டிலும் விக்கிரகமாக ஆடுகிறவர் இங்கே வர்ணமாக ஆடுகிறார். சுற்றிலும் சுவர் நெடுகப் புராணக் காட்சிகள். பார்க்கத் தெரிந்தவன் ஒவ்வொன்றின் முன்னும் நின்று நின்று போகிறான். தெரியாதவன் இரண்டு நிமிஷத்தில் வெளியே வந்து ஐந்தருவிக்கு ஆட்டோ கேட்கிறான். இந்த மண்ணில் உட்கார்ந்துகொண்டு, படத்தால் கதை சொல்வது குழந்தைகள் சமாசாரம் என்று சொல்ல நம் இலக்கியவாதிகளுக்கு எப்படித்தான் வாய் வருகிறதோ.

ஜப்பானிய நாவல் என்றால் இவர்களுக்குக் கவபாத்தாவிலிருந்து முரகாமி வரை தெரியும். அதே நாட்டில் முதிர்ந்த வாசகர்களுக்கென்றே வரையப்பட்ட மங்கா உண்டு என்றால், 'மாங்காயா?' என்று ஒரு சிரிப்பு. தென்காசியில் ரயில் ஏறினால் சங்கரன்கோவில், ராஜபாளையம் தாண்டிச் சிவகாசி. 1972ல் அங்கிருந்து முத்து காமிக்ஸ் இரும்புக்கை மாயாவியைக் கொண்டுவந்தது. 1984ல் லயன் வந்தது. இன்று நாவல் பேசுகிறவர்களில் பாதிப் பேர் அவற்றைப் பாடப் புத்தகத்துக்குள் ஒளித்துப் படித்தவர்கள்தாம். அந்த வயதோடு அந்த வடிவமும் முடிந்துவிட்டதாக முடிவு கட்டிவிட்டார்கள். சின்ன வகுப்பில் ஆத்திசூடி படித்தோம் என்பதற்காகச் செய்யுளே குழந்தைகளுக்கானது என்று யாரும் சொல்வதில்லை.

இவர்களை ஓரளவு மன்னித்துவிடலாம். மங்கா ரசிகர்கள் செய்யும் காரியம்தான் பொறுக்க முடியாதது. ஐம்பது வயதில் அசோகமித்திரனைத் திரும்பத் திரும்பப் படிக்கிற ஒருவர், 'ஏதாவது ஒன்று சொல்லுங்களேன்' என்று கேட்டால், 1997ல் தொடங்கி நூறு தொகுதிகளைத் தாண்டிப் போய்க்கொண்டிருக்கும் 'ஒன் பீஸ்' கடற்கொள்ளையர் கதையை நீட்டுகிறார்கள். முதல் பத்துத் தொகுதிகளைப் பொறுத்துக்கொண்டால் பிடித்துவிடுமாம். எதற்காகப் பொறுத்துக்கொள்ள வேண்டும்? அது வெளிவரும் பத்திரிகையின் பெயரிலேயே 'ஷோனென்', அதாவது பையன்கள், என்று போட்டிருக்கிறது. பையன்களுக்கு, பெண் பிள்ளைகளுக்கு, வளர்ந்த ஆண்களுக்கு, வளர்ந்த பெண்களுக்கு என்று ஜப்பான்காரனே பத்திரிகைகளைத் தனித்தனியாகப் பிரித்து வைத்திருக்கிறான். நாம்தான் எல்லாவற்றையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டி, எது அதிகம் விற்றதோ அதை மேலே வைக்கிறோம். தனக்குப் பிடித்தது ஊருக்கெல்லாம் பிடித்தாக வேண்டும் என்கிற இந்த ஆவேசத்துக்கும் ரசனைக்கும் சம்பந்தமில்லை.

ரசனை என்ற சொல்லுக்காகவே வாழ்ந்த ஒரு மனிதர் குற்றாலத்தில் இருந்தார். டி.கே.சி. மீது எனக்குப் புகார்கள் உண்டு. தன் காதுக்கு ஒவ்வாத கம்பன் பாடல்களை இடைச்செருகல் என்று தள்ளிய துணிச்சலை விமர்சனம் என்று ஒப்புக்கொள்ள முடியாது. ஆனால் 1954ல் காலமாகும் வரை அவர் செய்துவந்த ஒன்று சரியானது. வந்தவரை எதிரே உட்கார வைத்து, ஒரு பாட்டை எடுத்து, அது அவருக்குள் இறங்கும் வரை சொல்லிக் காட்டினார். பட்டியல் போட்டுக் கையில் கொடுத்து அனுப்பவில்லை. மங்காவை நாவல் வாசகனிடம் கொண்டுசேர்க்கவும் இதுதான் வழி. முதலில் அவன் எதைப் படித்துத் தூக்கம் கெட்டான் என்று கேட்க வேண்டும்.

அசோகமித்திரன் என்று சொன்னால் யோஷிஹிரோ தட்சுமி. தான் வரைவதை மங்கா என்று சொல்லக் கூசி 1957ல் 'கெகிகா' என்று வேறு பெயர் வைத்துக்கொண்டவர். அவருடைய டோக்கியோவில் ஆலைத் தொழிலாளியும் சாக்கடைத் தொழிலாளியும் வாய் திறக்காமல் நொறுங்குகிறார்கள்.

நகுலனைச் சொன்னால் யோஷிஹாரு ட்சுகேயின் 'திறமையற்ற மனிதன்'. 1985-86ல் வந்தது, 2020ல் ஆங்கிலத்துக்கு வந்தது. படக்கதை வரைந்து தோற்றுப்போன ஒருவன் ஆற்றங்கரையில் கடை போட்டு, அதே ஆற்றில் பொறுக்கிய கற்களை விற்கிறான். யார் வாங்குவார்கள்? சிற்றாற்றங்கரையில் கூழாங்கல் விற்பதை நினைத்துப் பாருங்கள். தொடக்கத்தில் அவன் மனைவியின் முகத்தை ட்சுகே நமக்குக் காட்டுவதில்லை. முதுகும் குரலும்தான். வசனத்தில் எழுதியிருந்தால் இரண்டு பக்கம் விளக்க வேண்டிய அவமானம் அது.

வண்ணதாசனை விரும்புகிறவருக்கு ஜிரோ தானிகுச்சியின் 'நடக்கும் மனிதன்'. ஒருவன் தெருத்தெருவாக நடக்கிறான், மரம் பார்க்கிறான், அவ்வளவுதான். இமையத்தையும் பூமணியையும் படிக்கிறவருக்கு சான்பெய் ஷிராதோ. அவருடைய 'கமுய்' 1964 முதல் 1971 வரை தொடராக வந்தது. ஜப்பானில் தீண்டத்தகாதவர்களாக ஒதுக்கப்பட்ட சாதியில் பிறந்தவன் கதை, விவசாயிகளின் எழுச்சி. இதை நம்மிடம் யாரும் சொல்லாமல் இருந்தது சாதாரண விஷயம் அல்ல. தென்காசிச் சீமையின் கிராமங்களைத் தெரிந்தவர்களுக்கு இதற்கு அடிக்குறிப்பே வேண்டியிருக்காது.

'கமுய்'க்கு இடம் கொடுக்கவென்றே தொடங்கப்பட்ட பத்திரிகை 'காரோ'. ட்சுகேயின் முக்கியமான கதைகளும் அதில்தான் வந்தன. பிற்காலத்தில் வரைந்தவர்களுக்குச் சன்மானம் கொடுக்க வழியில்லாமலேயே நடந்து, 2002ல் நின்றது. 'எழுத்து'வையும் 'கசடதபற'வையும் நினைத்து நெகிழ்கிறவர்களுக்கு, ஜப்பானியப் படக்கதைக்கும் ஒரு சிறுபத்திரிகை மரபு இருந்தது என்பது செய்தியாகக்கூட வந்து சேரவில்லை.

இன்னொரு இடைஞ்சலும் உண்டு. நாவல் வாசகன் மங்காவை எடுத்தால் பேச்சுக் குமிழிகளை மட்டும் படித்துக்கொண்டு ஓடுகிறான். இருபது நிமிஷத்தில் முடித்துவிட்டு 'இதில் என்ன இருக்கிறது?' என்கிறான். பேச்சே இல்லாத கட்டங்களில்தான் கதை இருக்கிறது. வலமிருந்து இடமாக, மெதுவாக, ஒரு கட்டத்துக்கும் அடுத்த கட்டத்துக்கும் நடுவே விட்ட வெள்ளையில் என்ன நடந்தது என்று யோசித்துப் படிக்க வேண்டும். புதுக்கவிதை வந்த புதிதில் வரிகளுக்கு இடையே படிக்கச் சொல்லி நாம் ஊருக்கு உபதேசம் செய்தோம். அந்தப் பயிற்சிதான் இதுவும்.

தமிழில் இவை இல்லை என்பது நியாயமான முறையீடு. ஆங்கிலப் பதிப்புகளின் விலை நம் சம்பளத்துக்கு ஒத்துவராது. ஆனால் மர்ஜானே சத்ரபியின் 'பெர்செபோலிஸ்' 'ஈரான்' என்று தமிழில் வந்தது. அரசியல் வாசகர்கள் அதைப் படம் என்று ஒதுக்காமல் படித்தார்கள். லயன்-முத்துக்காரர்கள் ஐரோப்பிய கிராஃபிக் நாவல்களைத் தமிழில் போட்டு, வளர்ந்தவர்களும் காசு கொடுத்து வாங்குவார்கள் என்று காட்டியிருக்கிறார்கள். ஜப்பானிய மொழியிலிருந்து செய்வதில் சங்கடம் வேறு மாதிரி. அந்தக் குமிழிகள் மேலிருந்து கீழாக எழுதுவதற்காக ஒடுங்கி உயர்ந்தவை. 'சொல்லிக்கொண்டிருந்தான்' என்ற நம் ஒரு சொல் அதற்குள் நுழையாது. படத்தைக் கண்ணாடிப் பிம்பமாகத் திருப்பிப் போட்டால் சாமுராய்கள் எல்லோரும் இடக்கைக்காரர்களாகிவிடுவார்கள். ஆகவே குறுகிய தமிழ் எழுதத் தெரிந்தவன் வேண்டும். அவன் கவிஞனாகத்தான் இருப்பான்.

சாரல் காலத்தில் குற்றாலத்தில் கூடிப் பேசுவது நமக்குப் புதிதல்ல. கலாப்ரியா நடத்திய 'பதிவுகள்' கூட்டங்கள் நினைவிருக்கும். அடுத்த சாரலில் ஒரு பகலை ட்சுகேக்கும் ஷிராதோவுக்கும் ஒதுக்கலாம். கட்டுரை வாசிப்பு வேண்டாம். ஆளுக்கு ஒரு பிரதியும் தேவையில்லை. ஒரே பிரதியை நடுவில் விரித்துவைத்து, பக்கம் பக்கமாக எல்லோரும் பார்க்கட்டும்.