காலமா? இடமா?

காலத்தையும் இடத்தையும் ஒருங்கே மிச்சப்படுத்தும் வழி இவ்வுலகில் அரிது. ஒன்றைக் காக்க மற்றொன்றைச் செலவிட்டே ஆக வேண்டும். கணிப்பொறி இயங்குதளத்தின் உயிர்நாடியாகிய கெர்னலை எழுதுவோர் நாள்தோறும் சந்திக்கும் சிக்கல் இதுவே.

பல பிராசசர்கள் ஒரே பட்டியலைப் படிக்கின்றன. இடையில் ஒன்று அதைத் திருத்த முனைகிறது. என் செய்வது? 'பூட்டு' என்பது பாடநூல் தரும் விடை. திருத்துபவர் பூட்டிக்கொள்வார், ஏனையோர் காத்திருப்பர். காலம் செலவாகிறது.

'படி, நகலெடு, புதுப்பி' எனப் பொருள்படும் ஆர்.சி.யூ. மற்றொரு வழி. நம் ஓசூர் சிப்காட் தொழிற்சாலை ஒன்றில் வேலை அட்டவணை மாறுவதாகக் கொள்வோம். வேலையை நிறுத்தாமல் புதிய அட்டவணையை மாட்டுகிறோம். இனி வருவோர் புதியதைப் பார்ப்பர். பழையதைக் கையில் வைத்திருப்போர் அதன்படியே முடிப்பர். பழையதை எப்போது கிழிப்பது? ஒவ்வொருவரையும் கேட்க வேண்டியதில்லை. அந்த ஷிப்டில் இருந்த அனைவரும் வாயிலைக் கடந்துவிட்டால் போதும். அவ்வாறே கெர்னலும், ஒவ்வொரு பிராசசரும் ஒருமுறை வேறு பணிக்கு மாறும்வரை பொறுத்திருந்து, பழைய நினைவகத்தை விடுவிக்கிறது.

1990களில் அமெரிக்காவின் சீக்வென்ட் நிறுவனத்தில் பால் மெக்கென்னியும் ஜான் ஸ்லிங்வைனும் வளர்த்த இம்முறை, 2002-இல் லினக்ஸில் இடம்பெற்றது. லினக்ஸுக்காக அதை எழுதியவர்களுள் ஒருவர் தீபங்கர் சர்மா. அவர் பணியாற்றியது எங்கோ அன்று. நம் எல்லையை அடுத்த பெங்களூரில், ஐ.பி.எம். மென்பொருள் ஆய்வகத்தில்!

இதற்கும் விலை உண்டு. வலையமைப்பின் மீது பாக்கெட்டுகளை வெள்ளமெனப் பாய்ச்சும் தாக்குதல்களை ராபர்ட் ஓல்சன் ஆராய்ந்தார். அவ்வேளையில் பிராசசர் பணி மாற வழியின்றி, விடுவிக்கப்படாத நினைவகம் மலைபோல் குவியும். அதைத் தாங்கவல்ல தனி வகையைச் சர்மாவே உருவாக்கினார். 2018-இல் வந்த 4.20 பதிப்பில் அது பொது வகையோடு இணைந்தது.

ஆகவே, 'புதியதே சிறந்தது' என்பாரோடு நான் உடன்படேன். படிப்பவர் பலர், திருத்துபவர் சிலர் என்னும் இடத்தில் ஆர்.சி.யூ. சிறக்கும். திருத்தம் மலிந்த இடத்திலும், பழைய செய்தியை ஒரு கணமும் பொறுக்கவியலாத இடத்திலும் பூட்டே நன்று.

நம் தேர்வுகளோ 'பூட்டு என்றால் என்ன?' என்றே கேட்கின்றன. 'இங்கே காத்திருப்பவர் யார்? இழப்பது எதை?' என்ற வினாவன்றோ சிந்தனையைத் தூண்டும்! லினக்ஸ் மூலநிரல் எவரும் கட்டணமின்றிப் படிக்கத் திறந்தே கிடக்கிறது. வாரம் ஒரு மணி நேரம் அதனை நம்முடன் படிக்க ஆசிரியப் பெருமக்கள் முன்வர வேண்டுகிறேன். ஆண்டுதோறும் அத்திப்பள்ளி தாண்டி வேலை தேடிச் செல்லும் நாம், வரையறைகளை ஒப்பிப்போராக அல்லாமல், எதற்கு எது விலை என்று கணக்கிடத் தெரிந்தவர்களாகச் செல்வோம்.