பெயிண்ட் பளபளப்பு போதும், போர்டு பேசட்டும்!

"அண்ணே, இது கும்மிடிப்பூண்டி வண்டியா, ஆவடி வண்டியா?"

சென்னை சென்ட்ரலை ஒட்டிய மூர் மார்க்கெட் புறநகர் ரெயில் நிலையத்தில் சாதாரணமாகக் காதில் விழும் கேள்வி இது. ஆபீஸ் குமாஸ்தாவும் கேட்கிறார். கூடைக்கார அம்மாவும் கேட்கிறார். பதில் சொல்வது யார்? வாசலில் நிற்கும் இன்னொரு பயணி!

ரெயில்களின் வர்ணத்துக்கு ஒரு குறைச்சலும் இல்லை. செங்கல் நிறத்தில் ஓடிய வெளியூர் பெட்டிகள் 1990-களில் நீலத்துக்கு மாறின. நம்ம பெரம்பூர் ஐ.சி.எப்.பில் தயாரான வந்தே பாரத் 2019-ல் வெள்ளை, நீலத்தில் புறப்பட்டது. 2023-ல் காவி நிறத்திலும் வந்தது. பார்க்க அழகுதான். வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை.

ஆனால் புறநகர் பயணிக்கு வர்ணம் வழி சொல்லாது. மெட்ரோவில் நீலப் பாதை என்றால் விமான நிலையம், பச்சைப் பாதை என்றால் பரங்கிமலை என்று வரைபடத்தைப் பார்த்தே புரிந்து கொள்ளலாம். புறநகர் வண்டி அப்படி இல்லை. காலையில் கும்மிடிப்பூண்டி போன அதே வண்டி மதியம் திருவள்ளூர் போகலாம். பெயிண்டை வேளைக்கு வேளை மாற்ற முடியுமா? ஆகவே வண்டி முகப்பில் எரியும் போர்டுதான் பயணிக்குக் கண்!

5 ரூபாயும் 250 ரூபாயும்

பேசின் பிரிட்ஜ் தாண்டியதும் பாதை பிரிகிறது. ஒன்று வடக்கே கொருக்குப்பேட்டைக்கு. இன்னொன்று மேற்கே வியாசர்பாடி ஜீவாவுக்கு. ஏறியது தப்பான வண்டி என்று அங்கேதான் தெரிய வரும். பதறிப்போய் நகரும் வண்டியில் இருந்து குதித்தால் உயிருக்கே உலை. குதிக்காமல் உட்கார்ந்தால் கையில் உள்ள டிக்கெட் அந்தப் பாதைக்குச் செல்லாது. 5 ரூபாய் டிக்கெட் எடுத்தவர் பரிசோதகரிடம் சிக்கினால் அபராதம் குறைந்தது 250 ரூபாய்! தினக்கூலிக்காரர் எங்கே போவார்?

அவர் டிக்கெட் எடுக்காமல் ஏமாற்றியவர் அல்ல. ஊர் பேர் சரியாகத் தெரியாததால் மாட்டிக் கொண்டவர். திருடனுக்கும் அவருக்கும் ஒரே தண்டனையா?

என்ன செய்யலாம்?

முகப்பு போர்டு எரியாத வண்டி பணிமனையை விட்டுக் கிளம்பக் கூடாது. ஊர் பேர் தமிழில், கிழவருக்கும் தெரியும் அளவுக்குப் பெரிதாக இருக்க வேண்டும். 12 பெட்டி வண்டியில் கடைசிப் பெட்டிக்கு ஓடுகிறவர் முகப்பை எப்படிப் பார்ப்பார்? பெட்டிக்குப் பெட்டி பக்கவாட்டிலும் போர்டு வேண்டும். வேக வண்டியா, எல்லா நிலையத்திலும் நிற்கும் வண்டியா என்பதும் அதில் இருக்க வேண்டும். விளம்பரம் ஒட்டினால், போர்டை மறைக்காமல் ஒட்டட்டும்.

இதற்குக் கோடிக்கணக்கில் திட்டம் தேவையில்லை. பெயிண்ட் அடிப்பதில் காட்டும் அக்கறையில் பாதியைக் காட்டினால் போதும்.

வண்டி எந்த நிறத்தில் வேண்டுமானாலும் வரட்டும். எங்கே போகுது என்பதை மட்டும் வாய் திறந்து சொல்லட்டும்!