மீட்டர் கணக்கில் காடு

ஆஸ்திரியாவில் வனச்சாலை என்பது மரம் ஏற்றும் லாரிக்காகப் போட்ட சரளைச் சாலை. லாரி தாராளமாகப் போகும் அகலம், மலைச்சரிவில் வளைந்து வளைந்து மேலேறும் சீரான ஏற்றம், ஓரத்தில் மழைநீர் வடியக் கால்வாய். இப்படிப்பட்ட சாலைகள் அந்நாட்டில் இரண்டு லட்சம் கிலோமீட்டருக்கும் அதிகம். அவற்றில் யாரும் நடக்கலாம், ஓடலாம். உரிமையாளரின் அனுமதியின்றி சைக்கிள் ஓட்டினால் மட்டும் சட்டமீறல்.

இந்தத் தடையை எடுங்கள் என்று எத்தனை முறை கேட்டாலும் வியன்னாவிலிருந்து வரும் பதில் ஒன்றுதான்: பொதுவில் திறக்க முடியாது; எந்தப் பாதை வேண்டுமோ அந்தப் பாதைக்கு உரிமையாளரோடு ஒப்பந்தம் போட்டுக்கொள்ளலாம். மலைச் சைக்கிள் ஓட்டுபவர்களின் கோரிக்கைக்கு இதுவே முடிவான தீர்வு என்று ஆட்சிகள் மாறினாலும் சொல் மாறாமல் சொல்லப்படுகிறது. இது தீர்வே இல்லை. முடிவெடுக்க மனமில்லாதவர்கள் அந்த வேலையை ஆயிரக்கணக்கான நிலச் சொந்தக்காரர்களின் தலையில் பிரித்துக் கட்டிவிட்டதற்கு வைத்த நல்ல பெயர் இது.

தடையின் மூலம் 1975-ஆம் ஆண்டின் வனச் சட்டம். அதன் 33-ஆவது பிரிவு அந்தக் காலத்தில் துணிச்சலான காரியம். நாட்டின் நிலப்பரப்பில் ஏறக்குறைய பாதி காடு. அந்தக் காட்டில் ஐந்தில் நான்கு பங்கு தனியார் கையில். அப்படியிருந்தும், ஓய்வுக்காகக் காட்டுக்குள் நுழையவும் தங்கிப் பொழுதுபோக்கவும் எவருக்கும் உரிமை உண்டு என்று சட்டம் சொல்லிவிட்டது. இந்த உரிமை தானாகக் கனிந்து விழவில்லை. 1895-இல் வியன்னாவில் தொழிலாளர் இயக்கத்திலிருந்து எழுந்த ‘இயற்கை நண்பர்கள்’ அமைப்பு போன்றவை பல பத்தாண்டுகள் கேட்டுக் கேட்டுப் பெற்றது அது.

அதே பிரிவின் மூன்றாம் உட்பிரிவு வேறு கதை. இருட்டியபின் தங்குவது, கூடாரம் அடிப்பது, குதிரையில் போவது, வண்டி ஓட்டுவது ஆகியவற்றுக்கு உரிமையாளரின் சம்மதம் வேண்டும். வனச்சாலையாக இருந்தால் அதைப் பராமரிப்பவரின் சம்மதம் வேண்டும். சைக்கிள் இந்த ‘வண்டி’யில் அடங்கிப்போனது. சட்டம் எழுதியவர்களை இதற்காகக் குறை சொல்ல முடியாது. கலிபோர்னியாவின் மரின் மலைப்பகுதியில் சில இளைஞர்கள் பழைய சைக்கிள்களுக்குத் தடித்த டயர் மாட்டி மலையிறங்கிக்கொண்டிருந்த காலம் அது. தொழிற்சாலையில் பெருமளவில் தயாரான முதல் மலைச் சைக்கிள், ஸ்பெஷலைஸ்டு நிறுவனத்தின் ஸ்டம்ப்ஜம்பர், கடைக்கு வந்ததே 1981-இல்தான். குறை சொல்லவேண்டியது அதன்பின் வந்தவர்களை. அதே உட்பிரிவு, தடம் போடாத இடத்திலும் காட்டுக்குள் நெடுந்தூரப் பனிச்சறுக்குப் போவதை, எச்சரிக்கையோடு போனால் சரி என்று அனுமதிக்கிறது. மலையிறங்கும் சறுக்கு வீரருக்கும் இழுவை வண்டிகள் உள்ள பகுதியில் மட்டுமே கட்டுப்பாடு. பனிக்காலத்தில்தான் மானும் காட்டாடும் உணவின்றி வலுக்குறைந்து நிற்கும். அந்தப் பருவத்தில் மரங்களுக்கு நடுவே சறுக்கிக்கொண்டு போகிறவருக்குச் சம்மதம் தேவையில்லை. கோடையில் லாரிச் சாலையில் சைக்கிள் மிதிப்பவருக்குத் தேவை. இதற்கு ஒரு தர்க்கம் இருந்தால் அதை இதுவரை யாரும் எடுத்துச் சொல்லவில்லை.

ஒப்பந்த முறை நடக்கும் விதத்தைக் கொஞ்சம் விரிவாகவே பார்க்கவேண்டும். நாடு முழுவதற்கும் முன்மாதிரியாகக் காட்டப்படுவது டிரோல் மாநிலம். அங்கே 1997-இலிருந்து ஒரு திட்டம் இருக்கிறது. ஊராட்சியோ சுற்றுலாச் சங்கமோ நில உரிமையாளரோடு ஒப்பந்தம் போடும். பாதையின் நீளத்தை அளந்து மீட்டருக்கு இவ்வளவு என்று ஆண்டுத் தொகை கொடுக்கப்படும். விபத்து நேர்ந்தால் வரும் இழப்பீட்டுப் பொறுப்புக்கு மாநிலம் காப்பீடு எடுத்திருக்கும். பனிச்சறுக்குத் தடங்களைப்போல் நீலம், சிவப்பு, கறுப்பு என்று கடினத்தை வகுத்துப் பலகை வைப்பார்கள். இப்படி ஐயாயிரம் கிலோமீட்டருக்கு மேல் திறந்திருக்கிறது என்பது உண்மை. இன்ஸ்புரூக் நகரின் தலைக்குமேல் நிற்கும் நார்ட்கெட்டே சரிவில், கேபிள் வண்டியில் ஏறிச் செங்குத்தான ஒற்றையடிப் பாதையில் இறங்க முடிகிறது. திட்டமே இல்லாத மாநிலங்களைவிட இது எவ்வளவோ மேல்.

ஆனால் ஒப்பந்தம் திறப்பது ஒரு கோட்டை மட்டும். கோட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மூடியே கிடக்கும். பள்ளத்தாக்கிலிருந்து மலைமேல் உள்ள மேய்ச்சல் வெளிக்குப் போகும் ஒரு சாலை, முதலில் ஒரு விவசாயியின் நிலத்தில் ஓடும். பிறகு ஊர்ப் பொதுநிலக் கூட்டுறவின் காட்டில் நுழையும். அப்புறம் ஒரு பெரும் பண்ணையாரின் காடு. கடைசியில் அரசுக் காடு. நால்வரில் மூவர் கையெழுத்துப் போட்டு ஒருவர் மறுத்தால் மூவரின் கையெழுத்தும் வீண், பாதை நடுக்காட்டில் நின்றுவிடும். எல்லோரும் ஒப்புக்கொண்டு திறந்த பாதையும் நிலையானதல்ல. ஒப்பந்தத்துக்குக் காலவரம்பு உண்டு. நிலம் பிள்ளையின் கைக்கு மாறலாம், தொகையில் சண்டை வரலாம். பலகையைப் பிடுங்கிவிட்டால் நேற்றுவரை சுற்றுலாக் கையேட்டில் படம்போட்டு அழைத்த பாதை இன்று குற்றம் நடக்கும் இடம். தெரியாமல் போனவருக்கு வருவது வனக்காவலரின் கண்டிப்போடு முடிவதில்லை. உடைமைக்கு இடையூறு செய்ததாக வழக்கறிஞர் கடிதம் வரும், செலவுக் கணக்கோடு.

யாருக்கு எந்தக் கோடு கிடைக்கிறது என்பதில்தான் இந்த முறையின் கோளாறு முழுதாகத் தெரியும். பணம் கொடுப்பது பெரும்பாலும் சுற்றுலாவை நம்பிய அமைப்புகள். ஆகவே விடுதிகள் நிறைந்த பள்ளத்தாக்குகளில் பாதைகள் பெருகுகின்றன. விருந்தாளி வராத ஊர்களில், பள்ளிவிட்டு வரும் பிள்ளை வீட்டுக்குப் பின்னால் உள்ள காட்டுச் சாலையில் சைக்கிள் ஓட்டச் சட்டப்படி வழியில்லை. அவனுக்காக மீட்டர் கணக்கில் பணம் கட்ட எந்தச் சங்கமும் கிடையாது. வியன்னாவைச் சுற்றிய காட்டில் நெடுங்காலம் நடந்தது இதுதான். வாசலில் காடு, ஓட்டுபவர்கள் ஆயிரக்கணக்கில், திறந்த பாதைகளோ சொற்பம். விளைவு, இரவோடிரவாக மண்வெட்டி கொண்டு போட்ட கள்ளப் பாதைகள். நீரோட்டம் தெரியாமல் சரிவின் போக்கிலேயே நேராக வெட்டிய பாதை இரண்டு மழைக்குள் ஓடையாகிவிடும். பாதை வெட்டத் தெரிந்தவர்கள் சரிவுக்குக் குறுக்கே, இடையிடையே ஏறி இறங்கும்படி வெட்டி, நீர் ஓரமாக வழிந்துபோக வழி செய்வார்கள். அந்தத் திறமை உள்ளவர்களைப் பகலில் வரவிடாத ஒரு சட்டம், திறமையில்லாதவர்களை இரவில் வரவழைத்தது. பிறகு அந்தக் கள்ளப் பாதைகளின் மண்ணரிப்பையே காட்டி, பார்த்தீர்களா, சைக்கிளால் காடு கெடுகிறது என்றார்கள்.

அரசுக்குச் சொந்தமான வன நிறுவனத்தின் கையில் நாட்டுக் காட்டில் ஏறத்தாழ 15 சதவீதம் இருக்கிறது. அங்கே சம்மதம் கேட்கவேண்டிய தனியார் யாரும் இல்லை. சட்டத்தில் ஒரு எழுத்தைக்கூட மாற்றாமல், நாளைக் காலையிலேயே எல்லா வனச்சாலைகளையும் திறந்துவிட உரிமையாளரான அரசுக்கு அதிகாரம் உண்டு. ஆனால் அங்கும் ஒப்பந்தம், அங்கும் மீட்டர் கட்டணம். இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல் திறந்திருக்கிறோம் என்ற பெருமை வேறு. மக்களின் காட்டில் மக்கள் சைக்கிள் ஓட்ட, மக்களின் வரிப்பணத்தில் நடக்கும் ஊராட்சி மக்களின் நிறுவனத்துக்கு வாடகை கட்டுகிறது. தனியார் வனச்சாலைகள் மட்டும் முழுக்கச் சொந்தப் பணத்தில் போட்டவையா? வனச்சாலை அமைக்கப் பொதுநிதியிலிருந்து மானியம் பல ஆண்டுகளாகப் போய்க்கொண்டுதான் இருக்கிறது.

மறுப்புக்குச் சொல்லும் காரணங்களில் முதலாவது இழப்பீட்டுப் பொறுப்பு. சைக்கிள்காரர் விழுந்து காலை ஒடித்துக்கொண்டால் பாவம் விவசாயி நீதிமன்றம் ஏறவேண்டும் என்பார்கள். ஆஸ்திரியச் சிவில் சட்டத்தின் 1319அ பிரிவு, பாதையைப் பராமரிப்பவர் வேண்டுமென்றோ மிகக் கடுமையான அலட்சியத்தாலோ கேடு விளைவித்தால் மட்டுமே பொறுப்பு என்று ஏற்கெனவே சொல்கிறது. போதவில்லை என்றால் திருத்தலாம். திருத்த அவர்களுக்குத் தெரியும். 2014-இல் ஸ்டுபாய் பகுதியின் பின்னிஸ் பள்ளத்தாக்கில், நாயோடு நடந்துபோன ஒரு ஜெர்மானியப் பெண்ணை மாடுகள் மிதித்துக் கொன்றன. 2019 பிப்ரவரியில் இன்ஸ்புரூக் நீதிமன்றம் மாட்டுக்காரர் பெருந்தொகை கொடுக்கவேண்டும் என்று தீர்ப்பளித்தது. நாடே அல்லோலகல்லோலப்பட்டது. மேல்முறையீட்டில் பொறுப்பு பாதியாகக் குறைவதற்கு முன்பே, அதே 2019-இல், கால்நடை வளர்ப்பவர்களின் பொறுப்பை வரையறுத்துச் சிவில் சட்டம் திருத்தப்பட்டுவிட்டது. சாலையோர மரம் விழுந்தால் யார் பொறுப்பு என்ற அச்சம் எழுந்தபோது அதற்கும் தனிப்பிரிவு வந்தது. 2024 மே 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. மாட்டுக்குச் சட்டம் திருந்தியது, மரத்துக்குத் திருந்தியது. சைக்கிள் என்றதும் மட்டும் பொறுப்புச் சட்டம் கல்வெட்டாகிவிடுகிறது.

இரண்டாவது காரணம் வனவிலங்கு. இதில் உண்மை இருக்கிறது. அந்தியிலும் விடியலிலும் விளக்கோடு வரும் சைக்கிள் மானை மிரட்டும். பெருங்காட்டுக்கோழி குஞ்சு பொரிக்கும் இடத்துக்கு அருகே யாருமே போகக்கூடாது. அதற்கு மாதமும் நேரமும் வரையறுக்கலாம், இடங்களை ஒதுக்கலாம். ஆனால் வெளியே வனவிலங்கு என்று பேசப்படுவதில் பெரும்பகுதி உள்ளே வேட்டைக் குத்தகை. ஆஸ்திரியாவில் வேட்டை உரிமை நிலத்தோடு ஒட்டியது. உரிமையாளர் அதைக் குத்தகைக்கு விடுவார். நாட்டில் வேட்டை அனுமதி அட்டை வைத்திருப்பவர்கள் லட்சத்துக்கு மேல். ஆள் நடமாட்டமில்லாத காட்டுக்குக் குத்தகை கூடும். விவசாயிக்குச் சைக்கிளில் ஆட்சேபம் இல்லாத இடத்திலும், நல்ல தொகை கொடுக்கும் குத்தகைக்காரர் முகம் சுளித்தால் ஒப்பந்தம் நின்றுபோகும். சாமி வரம் கொடுத்தும் பூசாரி வரம் கொடுக்காத கதை.

மண்ணரிப்பு மூன்றாவதாக வரும், பெரும்பாலும் ஒப்புக்குத்தான். நடப்பவரும் சைக்கிள் ஓட்டுபவரும் பாதைக்குச் செய்யும் சேதத்தில் பெரிய வேறுபாடு இல்லை என்றே கள ஆய்வுகள் பலவும் காட்டியிருக்கின்றன. அதிலும் பேச்சு வனச்சாலையைப் பற்றியது. 44 டன் எடையோடு மரம் ஏற்றிய லாரி போகும் சாலை சைக்கிள் டயரால் அரிக்கப்படும் என்பதை வாதம் என்று எடுத்துக்கொள்வதே அதிகம்.

அண்டை நாடுகளில் வானம் இடிந்து விழவில்லை. பவேரியாவின் 1946-ஆம் ஆண்டு அரசியல் சட்டம் காட்டையும் மலையையும் அனுபவிக்கும் உரிமையை எல்லோருக்கும் கொடுக்கிறது. பொருத்தமான பாதைகளில் சைக்கிளும் அதில் சேரும். சுவிட்சர்லாந்தில் மாநிலத்துக்கு மாநிலம் விதி வேறு. ஆனால் கிரௌபுண்டன் மாநிலம் நடைபாதைகளைச் சைக்கிளுக்கும் பொதுவாக வைத்துக்கொண்டு, ஒருவருக்கொருவர் வழிவிட்டுப் போகும்படி பிரசாரம் செய்கிறது. 2018-இல் சுவிஸ் வாக்காளர்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினர் சைக்கிள் பாதைகளை அரசியல் சட்டத்தில் சேர்க்க ஆதரவளித்தார்கள். 2023-இல் நடைமுறைக்கு வந்த சட்டப்படி, மலைச் சைக்கிள் தடங்களையும் சேர்த்து மாநிலங்கள் 2027 முடிவதற்குள் திட்டம் வகுக்கவேண்டும். டிரோலின் நவுடர்ஸ் ஊரிலிருந்து கிளம்பினால் ஒரே நாளில் ஆஸ்திரியா, இத்தாலி, சுவிட்சர்லாந்து மூன்றிலும் ஓட்டித் திரும்பலாம். மலையும் மண்ணும் மானும் மாறுவதில்லை. மாறுவது அந்தந்தத் தலைநகரத்தின் மனம்தான்.

வியன்னாவின் மனம் புதிதாகக் கெட்டதில்லை. வனச் சட்டம் 2002-இல் விரிவாகத் திருத்தப்பட்டது. அதற்குள் மலைச் சைக்கிள் ஒலிம்பிக் விளையாட்டாகி ஆறு ஆண்டுகள் ஆகியிருந்தன. மூன்றாம் உட்பிரிவில் கை வைக்கவில்லை. காட்டுத்தீயைச் சமாளிக்க 2023-இல் அந்தச் சட்டத்தை மறுபடி திருத்தினார்கள். நாட்டில் விற்கும் புதிய சைக்கிள்களில் பாதி மின்சைக்கிளாகிவிட்ட ஆண்டு அது. அப்போதும் கை வைக்கவில்லை. பாதிக் கதவைத் திறந்து அதற்குச் சமரசம் என்று பெயரிடுவது இவர்களுக்குக் கைவந்த கலை. உணவகங்களில் புகைபிடிப்பதைத் தடுக்க 2009-இல் கொண்டுவந்த ஏற்பாடு நினைவிருக்கும்: புகைப்பவர்களுக்குத் தனி அறை. கடைக்காரர்கள் கடன் வாங்கிச் சுவர் எழுப்பினார்கள். 2015-இல் முழுத்தடைச் சட்டம் வந்தது. அது நடைமுறைக்கு வர இருந்த 2018-இல் அதையே ரத்து செய்தார்கள். எட்டு லட்சத்து எண்பதாயிரம் பேர் கையெழுத்திட்டுக் கேட்டும் அசையவில்லை. ஆட்சி கவிழ்ந்த பிறகுதான் 2019 நவம்பரில் தடை வந்தது. சுவருக்குச் செலவழித்த காசு பெரும்பாலும் வீணானது. இன்றைய பாதை ஒப்பந்தங்கள் அந்தச் சுவர்களின் மறுபதிப்பு.

காட்டைக் காப்பதாகச் சொல்லும் இதே கைகள் நிலத்தைக் காத்த விதமும் தெரிந்ததே. கட்டடத்துக்கும் சாலைக்கும் போகும் நிலத்தை நாளொன்றுக்கு 2.5 ஹெக்டேராகக் குறைக்கவேண்டும் என்று 2002-இலேயே இலக்கு வைத்தார்கள். அதை எட்டவும் இல்லை, சட்டப்படி கட்டாயமாக்கவும் இல்லை. வயலையும் புல்வெளியையும் கிடங்குகளும் கார் நிறுத்துமிடங்களும் விழுங்கும்போது இல்லாத பதற்றம், சரளைச் சாலையில் ஒரு சைக்கிள் டயர் உருளும்போது வந்துவிடுகிறது.

வனச்சாலையில் சைக்கிள் ஓட்டுவது அனுமதி, மறுப்பதற்குத்தான் காரணம் வேண்டும் என்று சட்டம் தலைகீழாகத் திரும்பவேண்டும். எந்த மாதங்கள், எந்த நேரம், விலங்குகளுக்கு எந்த இடங்களை ஒதுக்குவது, ஒற்றையடிப் பாதைகளை இதில் சேர்ப்பதா, மாநிலங்களிடம் விடுவதா என்பதையெல்லாம் விவசாயிகளையும் வனக்காவலர்களையும் சைக்கிள்காரர்களையும் ஒரே மேசையில் உட்காரவைத்துப் பேசி முடிக்கலாம். ஒப்பந்தத்தொகை வாங்கிப் பழகியவர்களுக்கு ஏதாவது மாற்று ஏற்பாடும் தேவைப்படும். அரசுக் காட்டைத் திறக்க மட்டும் அந்த மேசைக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.