தின்றால்தான் வாழும்!

காப்பாற்ற வேண்டுமா? கத்தியைத் தீட்டு! இப்படி ஒருவன் பேசினால், பித்தன் என்று ஊர் நகைக்கும். ஆனால் தோழர்களே, இங்கிலாந்து நாட்டின் அரிய பன்றி இனங்களைப் பொறுத்தமட்டில், பித்தன் பேச்சே உண்மைப் பேச்சு. "ஐயோ பாவம்" என்று பெருமூச்சு விடுவோரின் பேச்சே பொய்ப் பேச்சு. அங்கே உண்பாரற்றுப் போனதால் ஒழிந்த இனங்கள் உண்டு. உணவானதால் ஒழிந்த இனம் எது? யாரேனும் காட்டட்டும்!

பண்ணைப் பன்றி காட்டு விலங்கன்று. மனிதன் ஆக்கிய பொருள். யார்க்‌ஷயரிலே கீத்லி என்றோர் ஊர். 1852ஆம் ஆண்டு அங்கு நடந்த வேளாண்மைக் கண்காட்சிக்கு, ஜோசப் டூலி என்னும் நெசவாளி தம் பன்றிகளைக் கொண்டுவந்து நிறுத்தினார். நடுவர்கள் திகைத்தனர். பெரிய வெள்ளை இனத்தோடு சேர்க்க உடல் போதவில்லை; சிறிய வெள்ளையோடு சேர்க்கவோ உடல் மிஞ்சியது. தள்ளிவிடவும் மனமில்லை, அத்துணை நேர்த்தி! மூன்றாவதாக ஒரு பிரிவையே வகுத்தனர். மிடில் ஒயிட் எனப்படும் நடு வெள்ளை இனம் அவ்விதம் பிறந்தது. தறியிலே உழைத்த கரம், தொழுவத்திலும் உழைத்துக் கண்ட பலன் அது. காட்டு விலங்கைக் காடு காக்கும். பண்ணைப் பன்றிக்கோ, உழவனின் கொட்டிலே காடு, சந்தையே மழை. மழை பொய்த்தால்?

பொய்த்தது! போர்க்காலம் தொட்டு நீடித்த இறைச்சிப் பங்கீடு 1954இல் முடிந்தது. மறு ஆண்டே, ஹோவிட் தலைமையில் அமைந்த குழு தன் அறிக்கையைத் தந்தது. பன்றி இனங்கள் பலவாக இருப்பதே தொழிலுக்குப் பெருந்தடை; பெரிய வெள்ளை, லேண்ட்ரேஸ், வெல்ஷ் எனும் மூன்றே போதும் என்றது. காரணமில்லாமல் சொல்லவில்லை. கொழுப்புக் குறைந்த இறைச்சியை மக்கள் விரும்பினர். நீண்ட உடல் கொண்ட பன்றிகளை வளர்த்து டென்மார்க் போட்டியிட்டது. ஆனால் இன்றைய சந்தையின் விருப்பை என்றைக்கும் உரிய விதியாக்கினரே, அங்கேதான் அறிவு சறுக்கிற்று! கம்பர்லாந்து இனம் 1960இல் மறைந்தது. ஆட்டைப்போல் சுருள்மயிர் போர்த்த லிங்கன்ஷயர் பன்றி 1972இல் மறைந்தது. 1900 முதல் 1973 வரை பிரிட்டன் இழந்த கால்நடை இனங்கள் 26 என்பர். போனது போனதுதான். சட்டம் போட்டும் மீட்க இயலாது. சாத்திரம் சொல்லியும் மீட்க இயலாது.

"சரி, காப்பாற்றுங்கள், ஆனால் கொல்லாதீர்கள்" என்கின்றனர் கருணை வள்ளல்கள் சிலர். கருணைக்குக் கணக்குத் தெரிய வேண்டாமா? தாய்ப்பன்றி ஒன்று, சினைக்காலம் சுமார் 114 நாட்கள். ஆண்டுக்கு இருமுறை, ஈற்றுக்குப் பத்துக் குட்டிகள் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு இருபது, ஐந்தாண்டில் நூறு! தாய்க்கு ஈடாக ஒரு பெண், தந்தைக்கு ஈடாக ஓர் ஆண். மிகுதியாக இன்னும் சில. மற்றவை எங்கே போகும்? யார் தீவனம் போடுவர்? நூற்றையும் வளர்ப்பேன் என்பவன் மூன்றாம் ஆண்டிலே கடனாளியாவான். குட்டியே வேண்டாம் என்பவனோ, தன் கையாலேயே இனத்தை முடித்துவைப்பான். உணவுக்குச் செல்லும் பன்றியே, இனம் வளர்க்கும் பன்றிக்குத் தீவனம் வாங்கித் தருகிறது.

இனி, நம் அணியிலிருந்தே எழும் கேள்வி: "பிறப்பால் உயர்வு தாழ்வு இல்லை என்கிறோம். பன்றிக்கு மட்டும் பரம்பரை ஏடா? இரத்தத் தூய்மையா?" நல்ல கேள்வி, நாமே கேட்க வேண்டிய கேள்வி. பன்றி வளர்ப்போர் சங்கம் 1884 முதல் அங்கு இயங்குகிறது. ஈற்றைப் பதிவு செய்வர், காதிலே அடையாளமிடுவர், தந்தை யார், தாய் யார் என எழுதிவைப்பர். எதற்கு? பட்டம் சூட்டவா? சிறு மந்தையிலே அண்ணனும் தங்கையும் இணைந்துவிடாமல் தடுக்க! மேலும், ஏட்டிலே தந்தை பெயர் இருப்பதால் மட்டும் எந்தக் குட்டியும் தப்புவதில்லை. கால் வளைந்ததா, காம்பு குறைந்ததா, கழித்துவிடுகின்றனர். தகுதியைப் பாராமல் பிறப்பை மட்டுமே பார்த்துப் பீடத்தில் ஏற்றும் மடமை, மனிதனுக்கு மட்டுமே உரிய தனிச்சொத்து! அந்த இன எல்லைகளும் அழியாத வேதமல்ல. எசெக்ஸ், வெசெக்ஸ் எனும் இரண்டினங்களை 1967இல் ஒன்றாக்கினர். பிரிட்டிஷ் சாடில்பேக் என்றனர். வானம் இடிந்து விழவில்லை.

"மெதுவாய் வளரும், கொழுப்பு ஏறும், கட்டுப்படியாகாது" என்பது வணிகன் வாதம். மெதுவாய் வளர்வது உண்மை. தீவனத்தை அளவின்றிக் கொட்டினால் கொழுப்பேறுவதும் உண்மை. வெள்ளைப் பன்றியோடு அதே கொட்டிலில், அதே விலைக்கு ஓடவிட்டால் தோற்கத்தான் செய்யும். பழத்தோட்டத்திலும் புல்வெளியிலும் விட்டு வளர்த்து, இனத்தின் பெயர் சொல்லி விற்கும்போதுதான் அதன் மதிப்பு விளங்கும். குளோஸ்டர்ஷயர் ஓல்டு ஸ்பாட்ஸ் இனத்தைப் பாருங்கள். ஆப்பிள் விழுந்த தழும்பே அதன் கரும்புள்ளி என்றொரு கதை உண்டு. கதை கிடக்கட்டும்; அதன் இறைச்சியின் பெயருக்கு 2010இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டப் பாதுகாப்பே கிடைத்தது. அருகிப்போன இனத்துக்கு இந்த ஏற்றத்தை ஈட்டித் தந்தது, புள்ளியைப் புகழ்ந்த கதையா, சுவையறிந்து விலைகொடுத்த நாக்கா?

அரிய இனங்களைக் காக்கும் அறக்கட்டளை 1973இல் அங்கே தோன்றிற்று. அதற்குப் பின் அந்நாட்டின் இனம் எதுவும் அழியவில்லை என்று அது பெருமையோடு கூறுகிறது. வளர்ப்போரைத் திரட்டியதோடு நில்லாமல், இறைச்சிக்கடைக்காரரையும் அது துணைக்கழைத்தது. நடு வெள்ளையும் லார்ஜ் பிளாக் எனும் பெருங்கருப்பும் ஆபத்தை இன்னும் முற்றும் கடந்துவிடவில்லை என்பதையும் மறக்கலாகாது.

ஆகவே, குட்டியின் அழகிலே மயங்கி வாங்கி, பதிவும் செய்யாமல், வளர்ந்தபின் கைகழுவும் பொழுதுபோக்கு அன்பர்களுக்குச் சொல்கிறோம்: விலகி நில்லுங்கள்! ஒரே ஒரு பன்றி வளர்த்தாலும் அங்கே பண்ணைக்குப் பதிவெண் வேண்டும். கோமாரி பரவிய 2001க்குப் பின், அடுக்களை மிச்சத்தைப் போடுவதும் குற்றம். ஏடெழுதும் கை வேண்டும். கழிப்பதைக் கழிக்கும் துணிவு வேண்டும். நல்ல முறையில் வளர்த்து, நோகாமல் முடிக்கும் நேர்மை வேண்டும். இம்மூன்றும் உள்ளவன் பன்றியை ஏற்கட்டும். அவனிடம் விலை கொடுத்து வாங்கி உண்பவனும் அந்த இனத்தின் காவலனே. கண்ணீரால் எந்த இனமும் பிழைத்ததில்லை, கணக்கால் பிழைத்தது!