விவாகரத்து வக்கீல்: ஃபீஸை மட்டும் பாக்காதீங்க, வாய்தாவையும் எண்ணுங்க

மியூச்சுவல் ஃபண்ட் வாங்குறதுக்கு முன்னாடி எக்ஸ்பென்ஸ் ரேஷியோ பாக்குறோம். டேர்ம் இன்சூரன்ஸ் எடுக்க நாலு கம்பெனியை ஒப்பிடுறோம். ஆனா விவாகரத்துன்னு வந்துட்டா, சொந்தக்காரர் கை காட்டின முதல் வக்கீல் ஆபீஸ்லயே வக்காலத்துல கையெழுத்து போட்டுடுறோம். மனசு நொந்து போயிருக்கிற நேரம், புரியுது. ஆனா அடுத்த சில வருஷம் உங்க சம்பளத்துல எவ்வளவு கோர்ட்டுக்குப் போகும்ங்கிறது பெரும்பாலும் அந்தக் கையெழுத்துலதான் இருக்கு.

என் கருத்து இதுதான்: "ஜெயிச்சுக் கொடுக்கிறேன்"னு சொல்றவரை விட, "இதை எப்படிச் சீக்கிரம் முடிக்கலாம்"னு யோசிக்கிற வக்கீல்தான் உங்களுக்கு லாபம்.

ஒரு சின்ன கணக்கு

எண்ணூர்ல ஷிஃப்ட் பாக்குற ஒருத்தருக்கு மாசம் ₹30,000 சம்பளம்னு வெச்சுக்குவோம். 26 நாளால வகுத்தா ஒரு நாளுக்குச் சுமார் ₹1,150. சென்னை குடும்ப நல நீதிமன்றங்கள் பாரிமுனையில, உயர் நீதிமன்ற வளாகத்துல இருக்கு. ராயபுரத்துக்காரருக்குப் பக்கம். எண்ணூர்லேருந்து வர்றவருக்கு அன்னிக்கு ஷிஃப்ட் போச்சு. லீவு தீர்ந்த பிறகு 20 வாய்தான்னா ₹23,000 சம்பளம் காலி. இது எந்த ஃபீஸ் ரசீதுலயும் வராது.

முதல் சந்திப்புல கேளுங்க

1. பரஸ்பர சம்மதத்துல முடிக்க முடியுமா? இந்து திருமணச் சட்டம் 13பி பிரிவுப்படி, ஒரு வருஷம் பிரிஞ்சு வாழ்ந்திருந்தா ரெண்டு பேரும் சேர்ந்து மனு போடலாம். அதுக்குப் பிறகு 6 மாசம் காத்திருக்கணும். ஜீவனாம்சம், குழந்தை விஷயம் எல்லாம் பேசி முடிச்சு, சேர்ந்து வாழ வழியே இல்லைன்னா, அந்த 6 மாசத்தை நீதிமன்றம் தள்ளுபடி செய்யலாம்னு 2017ல உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு. கிறிஸ்தவத் திருமணம்னா சட்டமே வேற. 1869ஆம் வருஷத்து விவாகரத்துச் சட்டத்துல பிரிஞ்சு வாழ வேண்டிய காலம் 2 வருஷம்னு இருக்கு. உங்க கல்யாணம் எந்தச் சட்டத்துல வருதுன்னு கேக்காமலே பேச ஆரம்பிக்கிற வக்கீல்கிட்ட உஷாரா இருங்க.

2. ஃபீஸ் எந்தக் கட்டத்துல எவ்வளவு? மனு, சமரசப் பேச்சு, சாட்சி விசாரணைன்னு பிரிச்சு எழுதி வாங்குங்க. "ஜீவனாம்சத்துல இத்தனை சதவீதம்"னு கேட்டா எழுந்து வந்துடுங்க. வழக்கோட முடிவை வெச்சு ஃபீஸ் பேசக் கூடாதுங்கிறது பார் கவுன்சில் விதி.

3. கோர்ட்டுல யார் ஆஜராவாங்க? பேசுறது சீனியர், வர்றது வாரத்துக்கு ஒரு ஜூனியர்னா வாய்தாதான் கூடும்.

4. என் சொத்து, கடன் விவரத்தை எப்படிக் காட்டணும்? 2020 நவம்பர்ல வந்த ரஜ்னேஷ் எதிர் நேஹா தீர்ப்புக்குப் பிறகு, ஜீவனாம்ச வழக்குல ரெண்டு தரப்பும் வருமானம், சொத்து, கடனைப் பிரமாணப் பத்திரமா தரணும். "சம்பளத்தைக் குறைச்சுக் காட்டிடலாம்"னு யோசனை சொல்றவர் உங்களைத்தான் மாட்டி விடுவார். பே ஸ்லிப், பேங்க் ஸ்டேட்மென்ட், ஐடிஆர் மூணும் உங்களைக் காட்டிக் கொடுத்துடும்.

அடிக்கடி வர்ற சந்தேகங்கள்

*ஆன்லைன்ல "நம்பர் 1 விவாகரத்து வக்கீல்"னு வருதே?* வக்கீல்கள் விளம்பரம் செய்யவே விதிப்படி தடை. 2024 ஜூலையில சென்னை உயர் நீதிமன்றமும் இதைக் கண்டிப்பா சொன்னது. அதனால ஸ்டார் ரேட்டிங்கைப் பார்த்து முடிவு எடுக்காதீங்க. ஏற்கெனவே குடும்ப நல வழக்கு நடத்தினவங்ககிட்ட விசாரிங்க.

*பாதியில வக்கீலை மாத்தலாமா?* தாராளமா. ஃபீஸ் பாக்கின்னு சொல்லி உங்க ஃபைலைப் பிடிச்சு வெச்சுக்க முடியாதுன்னு 2000லயே உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொல்லியிருக்கு.

*காசே இல்லைன்னா?* சட்டப் பணிகள் ஆணையத்தை 15100ல கூப்பிடுங்க. பெண்களுக்கு வருமானம் எவ்வளவா இருந்தாலும் இலவச சட்ட உதவி கேக்க உரிமை இருக்கு. 1987ஆம் வருஷத்துச் சட்டத்தோட 12ஆவது பிரிவுல அதே வரிசையில தொழிற்சாலைத் தொழிலாளியும் இருக்கார். மணலி, திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் எத்தனை பேர் அந்தத் தகுதியோட இருந்துக்கிட்டே நகையை அடகு வெச்சு ஃபீஸ் கட்டுறாங்கன்னு நினைச்சா வருத்தமா இருக்கு.

ஒரே ஒரு விதிவிலக்கு

வீட்டுல அடி, மிரட்டல் இருந்தா, மேல சொன்ன "சீக்கிரம் முடிக்கிறது" ரெண்டாம்பட்சம். முதல்ல பாதுகாப்பு. 2005ஆம் வருஷத்துக் குடும்ப வன்முறைச் சட்டத்துல பெண்கள் பாதுகாப்பு உத்தரவு கேக்கலாம். அந்த நிலைமையில "கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோம்மா"ன்னு சொல்ற வக்கீல் எவ்வளவு மலிவா கிடைச்சாலும் வேண்டாம்.

இந்த வாரமே ரெண்டு வக்கீலைப் பாருங்க. நாலு கேள்வியையும் ரெண்டு பேர்கிட்டயும் கேளுங்க. பதிலை எழுதி வெச்சு ஒப்பிட்டுப் பார்த்துட்டு, அப்புறமா வக்காலத்துல கையெழுத்து போடுங்க.